கமலாசனியின் இரண்டாவது பிரதி

கமலாசனிக்கு எதிலும் இரண்டு வேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய வீட்டோடு அவளுடைய பிறப்புச் சான்றிதழும் எரிந்தது. தான் பிறந்ததை நிரூபிக்க இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தாள். பிறந்தவளே நேரில் வந்து நிற்பது போதாதாம். அன்றிலிருந்து எந்தக் கடதாசிக்கும் ஒரு பிரதி எடுத்து, கட்டுகஸ்தோட்டையில் நெடுநாள் பழக்கமான ஆஸியா உம்மாவின் அலுமாரியில் வைத்துவிடுவாள். முஸ்லிம் வீடும் தமிழ் வீடும் ஒரே நாளில் எரியாது என்று ஒரு நம்பிக்கை.

பிள்ளைகளும் இரண்டு பேர். கணவர் மாரடைப்பில் போனபின் மூத்தவன் திருச்செல்வத்தை நோர்வேக்கு அனுப்பினாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

வேலை பேராதனையில், தாவர ஆய்வுகூடத்தில். மலையுச்சிப் புல்லின் நாற்றுகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, எது பிழைக்கிறது என்று எழுதுவாள். அங்கே ஆராய்ச்சி செய்யும், அவளைவிட இளையவரான கலாநிதி இராமநாதன் ஒருநாள் விளக்கினார். இந்தப் புல்லில் எப்போதோ ஒரு மரபணு தவறுதலாக இரண்டாகிவிட்டதாம். ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது பல ஆயிரம் தலைமுறையில் மாறி, குளிரைத் தாங்க வைத்ததாம்.

“அப்ப அது பழுதுக்கு வைச்ச பிரதி இல்லையோ, சேர்?”

“இல்லை அக்கா. மாறினது மாறினதுதான்.”

கமலாசனிக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, “அங்க சரியான வெக்கை, அம்மா” என்று திருச்செல்வம் சொல்லியிருந்தான். மலைக்குளிர் ஊரான கண்டியைத்தான் சொன்னான்.

இரண்டாயிரத்து ஏழில் இளையவன் ஜெயசீலனை இராணுவச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். அடையாள அட்டையும் இருந்தது, பிரதியும் இருந்தது. இரண்டிலும் தமிழ்ப் பெயர். நாற்பத்தோராம் நாள் விட்டார்கள். வந்தவன் சோற்றைத் தொடாமல், “நானும் அண்ணனிட்டப் போகட்டோ?” என்று கேட்டான்.

மறுநாள் நாற்றுத் தட்டை மூடிக்கொண்டே இராமநாதனிடம் கேட்டாள். “ரண்டும் மாறினா, பழைய வேலையை ஆர் பாக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை. செடி செத்துப்போகும்.”

அவர் புல்லைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் பிள்ளை பிழைக்கட்டும் என்று அன்று பின்னேரமே அவள் மகனின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பினாள்.

அவன் விமானம் ஏறிய வாரம் கட்டுகஸ்தோட்டைக்குப் போய், ஆஸியா உம்மாவிடம் தன் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்றைக் கொடுத்தாள்.

“இது என்னத்துக்கு புள்ள?”

“சீலன்ர திறப்பு. நான் ரண்டு நாள் போன் எடுக்காட்டி, வந்து கதவைத் திறவுங்கோ.”

ஆஸியா உம்மா அதைச் சான்றிதழ்களுக்கு மேல் வைத்து அலுமாரியைப் பூட்டினாள்.