ஸ்கேட்போர்டு கடைக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமையோடுதான் ஓசூரில் ஸ்கேட்போர்டு கடை வைக்க இடம் பார்த்தேன். வேப்பனப்பள்ளியில் இருந்த மாந்தோப்பை அப்பா குத்தகைக்கு விட்டு, கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. "நல்லா படிச்சுப் பாத்துக்கம்மா" என்றார் அப்பா. எனக்குப் பாதி புரியவில்லை. அவர் எதிரில் விளக்கம் கேட்கக் கூச்சமாக இருந்தது. "பாத்துட்டேன்ப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அபார்ட்மென்ட் பிள்ளைகள் கடைக்கு வந்து போர்டில் ஏறி நின்று பார்த்தார்கள். வாங்கியதெல்லாம் ஆன்லைனில்தான். எட்டே மாதத்தில் காலி செய்தேன்.

மூன்று வருஷத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் கட்டட உரிமையாளர் காட்டினார். அப்பா சிரித்துவிட்டார்.

"யாருகிட்ட சொல்றீங்க சார்? எம் பொண்ணு டிகிரி படிச்சது. எழுத்தெழுத்தாப் படிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்டுச்சு. நீங்க பின்னாடி சேத்திருக்கீங்க."

உரிமையாளர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்த சீசனில் அப்பா தன் தோப்பிலேயே கூலிக்கு மாங்காய் பறிக்கிறார். கேட்பவர்களிடமெல்லாம் அந்த மனிதரைத் திட்டுகிறார். உண்மையைச் சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவருக்காகத்தான் மறைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.