பென்சில் பெட்டியின் மறுமுனை

எல்கடுவைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். வேலை நாட்களில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் இது. இன்று ஞாயிறு. மாத்தளையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் சாந்தி, தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே செருகிவிட்டு, சம்பளம் வாங்காமல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். தகரக் கூரையில் மழை இரைகிறது. ஒரு சிறுமி அதைவிட உரக்க வாசிக்கிறாள்.

எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போகிறது. அக்கா மகளுக்கு வாங்கிய கலர் பென்சில் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டுகிறேன். அவள் ஒரு முனையைப் பிடிக்கிறாள், ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. முகத்தை வாசல் பக்கம் திருப்பி, சிரித்தபடி அசையாமல் நிற்கிறாள். வாசலில் யாருமில்லை.

"போட்டோவுக்கு நிக்கிறா மிஸ்," என்கிறாள் சாந்தி. "சாமான் குடுக்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் நிக்க வச்சு எடுப்பாங்க. நீங்க கைய விட்டுருங்க."

விடுகிறேன். சிறுமியின் சிரிப்பு போய்விடுகிறது. பெட்டியைத் திறக்காமலே சாந்தியிடம் போய் மெதுவாகக் கேட்கிறாள்.

"படம் புடிக்கலயே டீச்சர். இத திருப்பிக் குடுத்துறணுமா?"