பால் பொங்கிய நாளின் டாலர் விலை

மும்பையில் ஒரு வங்கியில், டாலர் வாங்கி விற்கும் மேசையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் "பேங்க்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்வேன். ஆரணிப் பக்கம் அதற்கு நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம். நானும் திருத்தியதில்லை.

உண்மையில் அது வேறு உலகம். வட்டி விகித அறிவிப்பு வரும் காலைகளில் அந்தப் பெரிய அறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். அறிவிப்பு வந்ததும் திரை முழுவதும் எண்கள் புரளும். எண்ணெய் இறக்குமதி செய்கிறவர், துணி ஏற்றுமதி செய்கிறவர், பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கிறவர் என்று முகம் தெரியாத எத்தனையோ பேருடைய பயமும் ஆசையும் ஒரே விலையாகத் திரண்டு என் எதிரில் துடிக்கும். அடுத்து அது எந்தப் பக்கம் போகும் என்பது சில சமயம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் பசி கிடையாது, வலி கிடையாது. இப்போதும் அந்த அறையை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

போன வருடம் ஒரு காலையில் என் வலது கண்ணுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்து நின்றது. எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் நடுப்பகுதி மறைந்தது. திரையின் ஓரக் கோடுகள் வளைந்து தெரிந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பயனில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வேலையைத் தொடர்ந்தேன். எங்கள் பிரிவின் தலைமைப் பதவி காலியாகப் போவதாகப் பேச்சு இருந்தது. அடுத்த ஆள் நான்தான் என்றும் பேசிக்கொண்டார்கள். அதனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாரக் கடைசியில்தான் கண் மருத்துவரிடம் போனேன்.

விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார் அவர். ஓயாத மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டாம், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடுமாம். தூக்கம் எப்படி என்று கேட்டார். நான் யோசித்துப் பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு, நீண்ட விடுப்புக்குச் சான்று எழுதிக் கொடுத்தார்.

ஆரணிக்குப் பக்கத்தில், சேவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தேன். பின்கட்டில் மாமா பட்டு நெய்கிறார். முன்னறையில் அக்கா போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையில் புடவை விற்கிறாள். அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். வந்த அன்றே அக்கா என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. காலை ஒன்பது மணிக்கு மார்க்கெட் திறக்கும் நேரத்தில் தட்டில் இட்லி இருக்கும், விரல்கள் மேசையில் கீபோர்டு விசைகளைத் தேடும். அக்கா பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள்.

பொழுது போக அவள் நேரலையைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பேன். "வேலூர் அக்கா வந்துட்டாங்க, வணக்கம்ங்க. போன தபா வாங்கின மாம்பழக் கலர் உங்க பொண்ணுக்குப் பிடிச்சிதா? ஜல்தியா சொல்லுங்க, இந்த பச்சை ஒண்ணுதான் கீது" என்று பேசிக்கொண்டே போவாள். யார், எந்த ஊர், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்று எதுவும் அவளுக்கு மறப்பதில்லை.

ஒரு மத்தியானம் விற்பனை முடிந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் வெறுந்தரையில் படுத்திருந்தேன். அம்மா தேவிகாபுரம் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"இதே எடத்துலதான் அன்னைக்கும் படுத்துகினு இருந்த" என்றாள் அக்கா.

"என்னைக்கு?"

"கிரகப்பிரவேசத்தன்னைக்கு."

"அதுக்கு நான் வரவே இல்லையேக்கா. லீவு கெடைக்கலன்னு சொன்னேனே."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "இன்னாடி சொல்ற? இந்த வீட்ல பால் காய்ச்சினதே நீதான்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். இடது கண்ணால் பார்த்தேன். புது அடுப்பின் முன்னால், கடுகு நிறப் புடவையில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள். உடனே அந்த நாள் முழுசாக எனக்குள் திறந்துகொண்டது. ஆனால் அதில் வீடு இல்லை. அன்று ரூபாய் சரிந்தது. டாலர் என்ன விலையில் திறந்தது, எங்கே போய்த் திரும்பியது, மாலையில் எதில் முடிந்தது என்று பைசா பிசகாமல் நினைவு வந்தது. நான் போட்ட கணக்கும் அது பலித்தபோது வந்த சந்தோஷமும்கூட வந்தன. அவ்வளவையும் இந்த வீட்டு மொட்டை மாடியில் நின்று போனில் பேசி முடித்தேனாம், அக்கா சொன்னாள். மாடி நினைவில்லை. பால் நினைவில்லை. வந்திருந்தவர்களில் ஒரு முகம்கூட நினைவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். அக்கா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சரி, நான் சொல்றேன் கேளு" என்றாள்.

சொன்னாள். பால் பொங்கியதும் நான் வெறும் கையால் பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொண்டதை, மாமா ஓடிப்போய் விரலில் தயிர் தடவியதை, நான் பாயசத்தை மூன்றாவது முறை கேட்டு வாங்கியதை, மத்தியானம் புதுத் தரையில் கன்னத்தை வைத்து "எவ்ளோ சில்லுனு இருக்குது பாருக்கா" என்று சொல்லித் தூங்கிப்போனதை எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு வியப்பு தாங்கவில்லை. எனக்கே தெரியாமல் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். நான் தவறவிட்ட நாளை இவள் இத்தனை வருடம் தன்னிடம் வைத்திருக்கிறாள், நான் கேட்பேன் என்றுகூட எதிர்பார்க்காமல்.

"இன்னும் எதெல்லாம் மறந்திருப்பேன்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்டித் தெரியும்? நீ கேளு, நான் சொல்றேன்."

அதன் பிறகு தினமும் மத்தியானம் ஏதாவது கேட்டேன். அம்மாவின் இதய ஆபரேஷன் அன்று நான் ஆஸ்பத்திரியில் என்ன செய்தேன் என்று கேட்டபோது மட்டும் அக்கா கொஞ்சம் கோபப்பட்டாள்.

"எல்லாத்தையும் தொலைச்சிட்ட மாதிரி பேசாத. அந்த ஆபரேஷன் உன் சம்பாத்தியத்துல நடந்துது. இந்த வீடும் அதுல எழும்பினதுதான். அம்மா இன்னைக்குத் தனியா பஸ் ஏறி கோயிலுக்குப் போவுதுன்னா சும்மாவா?"

அவள் சொன்னதும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றால் மற்றொன்றை ஈடுகட்ட முடியவில்லை.

சில மாதங்களில் விழித்திரைக்குப் பின்னால் கோத்திருந்த நீர் வடிந்துவிட்டது. வலது கண்ணில் நேர்க்கோடுகள் இன்னும் லேசாக வளைந்துதான் தெரிகின்றன. அது அப்படியே இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்பினேன். தலைமைப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று முழுவதும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மறுநாள் மேலதிகாரியிடம் போய், இனிமேல் இந்திய மார்க்கெட் மூடியதும் கிளம்பிவிடுவேன், இரவு வரை நீளும் லண்டன் மார்க்கெட்டைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். வருமானம் குறையும் என்றார்கள். சரி என்றேன்.

இந்த வருடம் அக்கா முதல் முறையாக மும்பைக்கு வந்தாள். அனுமதி வாங்கி எங்கள் தளத்துக்கு அழைத்துப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். அன்று விலை நன்றாகவே ஆடியது. ஒரு கட்டத்தில் அறையே எழுந்து நின்றது. நானும் எழுந்து கத்தினேன். அக்கா வெளியே நிற்பது எனக்கு மறந்தே போனது.

ஓய்ந்த பிறகு வெளியே வந்தேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தபடி நின்றிருந்தாள்.

"நீயாடி அது?" என்றாள் மெதுவாக. "அம்மா வயித்துல பொறந்தவதானா நீ? உடம்பே சிலுத்துப்போச்சி எனக்கு."

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது மறுபடியும் பேசினாள். "இதை வுட்டுட்டு வான்னு சொல்ல எனக்கு மனசு வரல. இதுலயே இருன்னு சொல்லவும் வாய் வரல."

"எனக்கும் அப்படித்தான்க்கா" என்றேன்.

"பசிக்குது. பக்கத்துல எங்கனா நல்ல தோசை கெடைக்குமா?" என்று கேட்டாள். தெருமுனையில் ஒரு கடை இருந்தது. இருவரும் நடந்து போனோம்.