பார்க்காத மூன்றாவது ரவுண்டு

மாலை ஐந்து பத்து. ஆவடியில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளித் திடலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது கயிறுகளை. குத்துச்சண்டை மேடையின் நான்கு பக்கமும் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தார்கள். முதுகைக் கீறிவிடாமல் இருக்க அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வேட்டியின் பச்சைக் கரை வெளியே தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு அச்சிலும் வந்தது. அந்தக் கட்டுரையில் நான் கண்ணால் பார்த்து எழுதியவற்றில் அதுவும் ஒன்று.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் ஒரு நாளிதழின் சினிமாப் பக்கத்தில் வேலை பார்த்தேன். சினிமாவில் அடியாட்களாக வரும் மூன்று பேர், அதற்கு முன்னால் டிக்கெட் போட்டு நடந்த குத்துச்சண்டைகளில் பணத்துக்குச் சண்டை போட்டவர்கள். அவர்களில் நிஜமாகவே குத்தத் தெரிந்தவர் யார் என்று வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார் பக்க ஆசிரியர். நான் குத்துச்சண்டை ஆடியவனில்லை. ஆனாலும் பார்த்ததை அப்படியே எழுதுகிறவன் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

முதலாமவர் கனத்த ஆள். வலது கை விழுந்தால் மணல் மூட்டை ஊசலாடி நிற்க வெகுநேரம் ஆகும். ஆனால் பயிற்சியில் எதிராளியின் கை கிளம்பியதுமே, அடி படுவதற்கு முன்பே, தலையை வெட்டித் திருப்பினார். காமிராவுக்காகப் பழகிய தலை. இரண்டாமவர் ஒல்லி. கால்கள் ஓரிடத்தில் நிற்காது. இடது கையை நீட்டி நீட்டித் தொடுவார், நெருங்க விடமாட்டார். ஆனால் தாடையில் ஒன்று பட்டால் கண் சொருகிவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இருவரையும் நகரத்தில் அவர்கள் பயிற்சி செய்த கூடங்களில் பார்த்து முடித்திருந்தேன். மூன்றாமவருக்கு வெள்ளானூரில் வீடு. மாதா கோயில் திருவிழாவில் விமானப்படைப் பையன் ஒருவனோடு மூன்று ரவுண்டு மோதப்போகிறார் என்று சொன்னார்கள். பக்கம் இரவு எட்டரைக்கு மூடி அச்சுக்குப் போய்விடும். நான் ஐந்து ஐம்பது ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

அவர் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எட்த்துக்காத. அம்பத்தூர் எஸ்டேட்டாண்ட ஒரு கம்பெனில பசங்களுக்கு பாக்சிங் சொல்லித்தர ஆள் தேடறாங்கோ. எழுதிப் போட்டுக்கீறேன். மாசச் சம்பளம் சார். மாடிலேர்ந்து குதி குதின்றான் ஷூட்டிங்ல. முட்டி ரெண்டும் போய்ச்சி. பொய் எதுவும் வாணாம். பாத்தத மட்டும் எழுது, போதும்."

"அதுதான் சார் என் வேலை" என்றேன்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. பையன் உடனே பாய்ந்தான். இவர் பின்வாங்கினார். கை கிளம்பியது, ஆனால் முகத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது. மறுபடியும் அதேதான். சினிமாவில் அப்படித்தான் குத்துவார்கள். பட்டது போல இருக்கும், படாது. இரண்டு ரவுண்டிலும் இவர் விட்ட பதினான்கு குத்துகளை எண்ணினேன். மூன்று பட்டன, அவையும் தோளில். பையனுடைய குத்துகளை இவர் முழங்கையிலும் கிளவுசிலும் வாங்கிக்கொண்டார். குறிப்பேட்டில் 'சினிமாக் கை' என்று எழுதி அடிக்கோடிட்டேன். நல்ல சொல் கிடைத்துவிட்ட திருப்தி வந்தது.

ஐந்து முப்பத்தேழு. பேனாவை மூடினேன். எனக்குப் பக்கத்தில் காக்கி பேண்டோடு ஒருவர் நின்றிருந்தார். டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்.

"இன்னா சார், கெளம்பிட்ட?"

"ரயிலுக்கு நேரமாச்சு."

"இன்னும் ஒரு ரவுண்டு கீதே. இல போட்டு எல்லாம் வச்சப்புறம் எந்திரிச்சுப் போறியே. மூணாவதுதான் சார் சாப்பாடே."

அவர் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன். சொந்த ஊர்க்காரருக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். திடலிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. தெரு முனையில் திரும்பும்போது பின்னால் ஒரு பெரிய சத்தம் எழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது. திரும்பிப் போகவில்லை.

அன்றிரவு கட்டுரையில் கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியம் இப்படி வந்தது: 'மூன்றாவது ரவுண்டிலும் நிலைமை மாறவில்லை.' ஒருவர் மூன்று ரவுண்டு ஆடினார் என்றால் மூன்றாவதைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது தவிர வேறு எண்ணமே இல்லை. கனத்தவரை முதலிடத்தில் வைத்தேன். "அதான் சரி, அச்சுக்கு அவர் போட்டோ பிளாக் கைவசம் இருக்கு" என்றார் பக்க ஆசிரியர். அடிபடும் முன்பே அவர் தலையைத் திருப்பியதை நான் எழுதவில்லை. ஆவடியில் பார்த்தவருக்கு மூன்றாம் இடம். 'சினிமாக் கை' தலைப்பிலேயே வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. இரண்டே வரி. 'நீங்கள் மூன்றாவது ரவுண்டு பார்க்கவில்லை. நான் உங்கள் பக்கத்தில் நின்றேன்.' கீழே பெயர் இல்லை. பக்க ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "உன் ரசிகர்" என்று என் மேசையில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளானூருக்குப் போனேன். பாதி வயலும் பாதி மனைக்கல்லுமாக இருந்த இடத்தில் அவர் வீடு. வாசலில் உட்கார்ந்து, முழங்காலில் கட்டிக்கொள்ளும் ரெக்சின் பட்டைக்குள் பஞ்சு திணித்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"சார், மூணாவது ரவுண்டு பாத்தியா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் பஸ் ஏறியிருந்தேன். "பார்த்தேன்" என்றேன்.

"அந்தப் பையன் முட்டி போட்டானே, எந்தக் கைல அட்ச்சேன்?"

ஊசியை நிறுத்தவில்லை. பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கையில்."

"சரி" என்றார். உள்ளே திரும்பி மனைவியிடம், "ஏம்மே, சாருக்கு டீ குடு" என்றார்.

டீ வந்தது. பிறகு அவரே சொன்னார், குரலை உயர்த்தாமல்.

"நானு லெஃப்டு சார். மொத ரெண்டு ரவுண்டு அத வெளிய எடுக்கமாட்டேன். திருவிழா சண்டைல அதான் வயக்கம். பெரியவன் ரெண்டு ரவுண்டு சின்னவனுக்கு உட்டுக் குடுக்கணும். அவன் வூட்டு ஜனம் பாக்க வந்துகினு இருக்கும்ல? மூணாவதுதான் சண்ட. அதுல கால மாத்தி நின்னேன். லெஃப்டுல ஒண்ணுதான் வச்சேன், வயித்துல. ஒக்காந்துட்டான். இத இங்க கொயந்தயக் கேட்டாக்கூட சொல்லும்."

"அந்த கம்பெனி வேலை?"

"கூப்ட்டாங்கோ. போனேன். மேசைல உன் பேப்பர் கீது. உனுக்கே சினிமாக் கையி, பசங்களுக்கும் அதான வரும்னான். வேற ஆளப் போட்டுட்டாங்கோ." பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "நீ டீய குடி சார், ஆறிடப்போவுது."

குடித்தேன். திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன். "ஊம்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்க ஆசிரியரிடம் நான் திருத்தம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சினிமாப் பக்கத்துக்குத் திருத்தம் எதற்கு என்று சிரித்திருப்பார். அதை ஒரு காரணமாகச் சில வருடம் வைத்திருந்தேன். கேட்டுப் பார்க்காத கேள்விக்கு அவர் பெயரில் நானே பதில் எழுதிக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதே பழக்கம்தான்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் தியேட்டர் ஒன்றில் அவரைத் திரையில் பார்த்தேன். கதாநாயகனின் முஷ்டி முகத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது. அவர் பறந்து போய்ப் பெட்டிகளின்மேல் விழுந்தார். இன்று என்னை வரிசைப்படுத்தச் சொன்னால் அவரை முதலில் வைப்பேன், ஒல்லியானவரை அடுத்து. யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஐந்து ஐம்பது ரயில் ஆவடிக்கு ஆறு பத்துக்கு வந்தது.