அம்மாவுக்குக் கிண்டிய உளுந்தங்களி

அந்த யோசனை எனக்குத் தேவாலயத்தில், பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் உதித்தது. மார்கழிக் குளிர். ராஜபாளையத்துப் பெண்களெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, என் அம்மா மட்டும் வேர்த்துக் கொட்டி, எழுந்து வெளியே போனாள். கிணற்றடியில் தனியாக நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வதை ஜன்னல் வழியே பார்த்தேன். மருத்துவச்சி அவளிடம் சொன்னது நினைவு வந்தது: “தீட்டு நிக்கிற காலம்னா அப்படித்தான் தாயி. பொறுத்துக்கிடணும்.”

பொறுத்துக்கொள்வது ஒரு மருந்தா? அக்கா ஆளானபோது வீடே உளுந்தங்களி கிண்டியது. உளுந்து இடுப்புக்குப் பலம், நல்லெண்ணெய் சூட்டைத் தணிக்கும், கருப்பட்டி ரத்தம் ஊறச் செய்யும் என்று ஆளாளுக்கு வியாக்கியானம். தொடங்கும்போது உடம்புக்கு வேண்டியது முடியும்போது மட்டும் வேண்டாமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள் நான். லீவுக்கு வந்த இடத்தில் வைத்தியமும் பார்த்துவிடலாம் என்று துணிந்தேன்.

மறுநாள் அம்மா துணி துவைக்கப் போனதும் கருப்பு உளுந்தை வறுத்து, இடித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டினேன். வாசனை சுவரேறிக் குதித்து அத்தை வீட்டுக்குப் போனது. அத்தை, அப்பாவின் அக்கா. அவள் மகனுக்குத்தான் நான் என்பது எப்போதோ பேசி முடித்த விஷயம். ஆளாகும்வரை படிக்கட்டும் என்பது அப்பாவின் பெருந்தன்மை.

களி இறுகுவதற்குள் அத்தை தெருப் பெண்களோடு மஞ்சளும் பூவுமாக வந்து நின்றாள். பாதிரியாருக்குத் தெரியாமல் எங்கள் தெரு காப்பாற்றி வந்த சடங்குகளில் ஆளான பெண்ணுக்குச் செய்யும் சடங்கும் ஒன்று.

“ஏட்டி, எங்ககிட்டயே மறைக்கியா? எங்களுக்கு மூக்கு இல்லையாக்கும்?”

“எனக்கு இல்ல அத்தே.”

“பொறவு யாருக்கு, உங்கப்பனுக்கா?”

சிரித்தார்கள். ஒருத்தி மூலையில் எனக்குப் பாயே விரித்துவிட்டாள். சேதி போய், அப்பாவும் வந்து வாசலில் நின்றார். இனி விடுதிக்குத் திரும்ப முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா ஈரத் துணியோடு உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“களி எனக்குத்தான் மதினி. எனக்கு நின்னுபோச்சு. ஒடம்பு தீயா எரியுது. அதான் புள்ள கிண்டியிருக்கா.”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெண்கள் பூவை மடியில் கட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். “அப்பம் நீயும் கெழவியாயிட்ட” என்று அத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அடுப்பருகே உட்கார்ந்து களியை ஒரு வாய் கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். நான் பிழைத்தேன் என்று குதிக்காத குறை.

மிச்ச லீவு முழுவதும் கிண்டிப் போட்டேன். இடுப்பு வலி தேவலை என்றாள்; வேர்வை நிற்கவில்லை. தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது அவளைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவின் கட்டில் வாசலுக்குப் போயிருந்தது.

பள்ளி திறக்க, அம்மாதான் பஸ் ஏற்றிவிட வந்தாள். எனக்கு அதற்குள் அடுத்த வைத்தியம் பிடிபட்டிருந்தது: தண்ணீர்விட்டான் கிழங்கு. உட்சூட்டுக்கு அதற்கு மிஞ்சியது இல்லையாம். அடுத்த லீவில் அய்யனார் கோவில் மலைக்குப் போய்த் தோண்டி, பாலில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். பஸ் நகர்ந்த பிறகும் அம்மா வெயிலில் அங்கேயே நின்றிருந்தாள். சூட்டு உடம்புக்காரி, சட்டென்று வீட்டுக்குப் போகக் கூடாதா என்று எரிச்சல்பட்டுக்கொண்டே, கிழங்கு எத்தனை வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.