எடை குறையாத அத்தான்

என் அக்காவின் கணவரை மார்க்கெட்டில் எல்லோரும் ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காய்கறி ஏலம் விடுவது அவர் வேலை. மைக் வைத்துக்கொண்டதே கிடையாது. வீட்டில் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு டயாலிசிஸ்தான் கதி. உடம்பில் சேர்ந்த நீரை மெஷின் எடுத்த மறுநாள் குரல் கணீரென்று இருக்கும். அடுத்த முறை நெருங்க நெருங்க நீர் நெஞ்சில் ஏறி, பேச்சு பாதியில் நிற்கும். போகப் போக மறுநாள்கூட மூச்சு வாங்கியது.

சிகிச்சை தொடங்கியபோது டாக்டர் குறித்துவைத்த எடைக்கு இறங்கும்வரைதான் மெஷின் நீரை எடுக்கும். அதனால் முடிந்ததும் எடை அச்சுப்பிசகாமல் அதே. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“உடம்பு குறையவே இல்ல பாரு. வெளியில சொல்லாத, கண்ணு பட்டுடும்,” என்றாள்.

“தராசு பொய் சொல்லாது மச்சான்,” என்றார் அத்தான்.

ஒருநாள் டாக்டர் அவர் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். “எடை அதேதாங்க. ஆனா சதை கரைஞ்சு போயிருக்கு. அந்த இடத்துல தண்ணி நிக்குது. நுரையீரல்லயும்தான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எடை மெஷினை உதைத்திருப்பேன்.

கூடுதலாக நீர் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்து, கால் முறுக்கிக்கொண்டு, பாதியில் நிறுத்தினார்கள். மறுமுறையும் அப்படியே. இதயமும் தாங்காதாம். எடுத்தால் மயக்கம், விட்டால் மூச்சுத்திணறல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அக்கா தடுத்தும் கேளாமல் ஏலத்துக்குப் போனார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தக்காளி வந்திருந்தது. இரண்டு முறை விலையைக் கூவி ஏற்றினார். மூன்றாவது வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, தோள் ஏறி இறங்குகிறது, சத்தத்தைக் காணோம்.

ஏலத்தில் இடைவெளி விட்டால் விலை படுத்துவிடும். வியாபாரிகள் அவர்மேல் உள்ள மரியாதையில் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் இந்த விலை கட்டாது என்று யோசித்துவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பாவிகள், அவர்களைத் திட்டவும் வழியில்லை.

தக்காளி கொண்டுவந்த அம்மா அவர் பக்கத்தில் வந்தாள். “போதும்ணே. கேட்ட விலைக்கே குடுத்துடலாம். நீங்க உக்காருங்க.”

அத்தான் தலையாட்டி மறுத்தார். இன்னும் ஏறும் என்று விரலால் மேலே காட்டினார், திரும்பத் திரும்பக் காட்டினார். அந்த அம்மா கடைசியாக விலை கேட்டவரிடம் கூடைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.