தினேஸ்வரி மூடிய கேள்வி

மலேசியாவின் ஈப்போவில் ஓர் அறநிறுவனம் நடத்தும் இரத்த சுத்திகரிப்பு மையத்தில் தினேஸ்வரிக்கு வேலை. நோயாளிகளுக்கு முறை ஒதுக்குவது, கணினியைக் கவனிப்பது, ஆள் இல்லாத நாளில் தொலைபேசி எடுப்பது. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அது செம்பனைத் தோட்டமாகி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு குடும்பம் ஈப்போவின் சிலிபினுக்கு வந்துவிட்டது. கணவன் கனகராஜ் லூமுட் துறைமுகத்துக்கு லாரி ஓட்டினான். போன வருடம் மழையில், சித்தியவானைத் தாண்டி ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து இறந்துபோனான்.

கருமாதி முடிந்த மறுநாளே அவள் வேலைக்குத் திரும்பினாள். அழவில்லை. அடக்கிக்கொள்ளவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். குழம்பில் உப்பு இருந்ததா என்பது சாப்பிட்டு முடித்த பிறகும் தெரியவில்லை. துவைத்த துணி இயந்திரத்திலேயே கிடந்து நாறியது. மையத்தில் தாதியர் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

தவறாமல் செய்தது ஒன்றுதான்: கிலிரான் குழுவின் மடல்களுக்குப் பதில் எழுதுவது. எந்த நோயாளி, எந்த நாள், எந்த இயந்திரம் என்று முறை பிரிக்கும் மென்பொருள் கிலிரான். காம்பாரில் விரிவுரையாளராக இருந்த தேவன் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்டது. சபாவிலிருந்து ஜொகூர் வரை சிறு மையங்கள் அதை வைத்திருந்தன. சந்தேகம் வந்தால் மடல் குழுவுக்கு எழுதுவார்கள். அது எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் போகும். தெரிந்தவர் பதில் சொல்வார். குழுவை நடத்தியவர்கள் தேவன், பினாங்கில் நிரல் எழுதும் ஹரிஷாந், தினேஸ்வரி மூவரும்.

தைப்பிங் மையத்தில் மென்பொருளைப் புதுப்பித்த அன்று இரண்டு பேருக்கு ஒரே இயந்திரம் விழுந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஆர்த்திகா விடையைத் தேடித் தேடிப் பார்த்தாள். விடை இருந்தது, பழைய மடல்களுக்குள், தீபாவளி வாழ்த்து என்ற தலைப்பில் போன பேச்சின் நடுவில். குழுவில் கேட்கவும் அவளுக்குக் கூச்சம், இத்தனை பேர் படிப்பார்களே என்று. ஒரு முதியவர் நண்பகல் தாண்டியும் காத்திருந்துவிட்டு, சுத்திகரிப்பு நடக்காமலே வீங்கிய காலோடு வீட்டுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் ஹரிஷாந் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, கேள்வி-பதில் தளத்துக்குப் போயிடலாம் லா. ஒரு கேள்வி, அதுக்குக் கீழ பதில். நல்ல பதிலுக்கு ஓட்டு விழுந்தா அது மேல வந்துரும். இணையத்துல தேடுனா நேரா அங்க கொண்டு விட்டுரும். ஒரே கேள்விய மறுபடி கேட்டா, மூடிட்டு பழைய பதிலைக் காட்டிடலாம். வணக்கம், நன்றி, பசியாறியாச்சா, அதெல்லாம் அங்க கிடையாது.”

தேவன் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தத் தளம் யாரோ ஒரு கம்பெனியோடது மா. நாளைக்கு அவன் கடைய சாத்துனா நம்ம பதிலெல்லாம் எங்க போகும்? மடல் நம்ம கையில இருக்கு. அப்புறம், அங்க கேள்விக்குத்தான் இடம். இதை இப்படி மாத்தலாமான்னு நாலு பேரு பேச முடியாது. லூமுட் அருளம்பலம் சார் மழையில ஆரம்பிச்சு, மகன் வீட்டுக் கதைய முடிச்சுட்டுத்தான் சந்தேகத்துக்கே வருவாரு. அவர எங்க கொண்டு வைப்பே?”

ஆளுக்கொரு பக்கம். தினேஸ்வரி எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. அவள் தளத்தைத் தேர்ந்தெடுத்தாள். தைப்பிங்கில் காத்திருந்த முதியவரைக் காரணமாகச் சொன்னாள். அது உண்மைதான். சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. கனகராஜ் இறந்தபோது குழுவில் அனுதாப மடல்கள் வந்து குவிந்தன. மாதங்கள் கழித்தும், அஞ்சலைத் தாமதமாகத் திறந்த யாராவது அதற்குப் பதில் போடுவார்கள். இயந்திரம், புதுப்பிப்பு என்று போய்க்கொண்டிருக்கும் காலையில் அவன் பெயர் மேலே வந்து நிற்கும். நலமா என்று யாரும் கேட்காத ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

தளம் நன்றாகவே ஓடியது. மடல் குழுவைப் படிக்க மட்டும் விட்டுவைத்தார்கள். ஆர்த்திகா பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டாள்; பிறகு மற்றவர்களுக்குப் பதில் எழுதவும் தொடங்கினாள். தினேஸ்வரி கேள்விகளைத் திருத்தினாள், வணக்கங்களை வெட்டினாள், ஏற்கெனவே விடை இருந்தவற்றை மூடினாள். கை தானாகவே செய்தது.

அருளம்பலம் அரசாங்க மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சரோஜாதேவிக்குத் துணையாக லூமுட் மையத்துக்குப் போய்ப் போய், அங்கே முறை ஒதுக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டவர். ஒரு வியாழக்கிழமை காலை தளத்தில் அவருடைய கேள்வி வந்திருந்தது.

“வணக்கம் தினேஸ். இங்கே நல்ல மழை. போன வாரம் சரோஜா தவறிவிட்டார். சனிக்கிழமை மூன்றாவது இயந்திரத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. பெயரை வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் காலியாக்க முடியுமா?”

தினேஸ்வரி முழுவதும் படித்தாள். கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினாள். முன்பே கேட்கப்பட்டது என்று மூடி, பழைய பதிலுக்கு இணைப்புக் கொடுத்தாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

மதியம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், தான் எதை வெட்டினோம் என்பது அவளுக்கு எட்டியது. குழாயை மூடாமல் நின்றாள். பக்கத்தில் நின்ற தாதிதான் கையை நீட்டி மூடினாள்.

வெட்டிய வரிகளை அன்றே திரும்பப் போட்டாள். அது போதாது என்று தோன்றியது. சனிக்கிழமை லூமுட்டுக்குக் காரை எடுத்தாள். கனகராஜ் போன பிறகு அந்தச் சாலையில் அவள் போனதில்லை. வளைவு வந்தது, போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் பயமாக இருந்தது.

அருளம்பலம் கதவைத் திறந்து, “காடிய நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

“அந்த வரிகள வெட்டுனது நான்தான் சார்.”

“தெரியும் மா. யாரு மாத்துனாங்கன்னு தளம் பேரு போட்டுக் காட்டுதே. பதில் சரியாத்தான் இருந்துச்சு. காலியாக்கிட்டேன். அந்த எடத்துக்கு இப்ப பங்கோர் தீவுல இருந்து ஒரு மீனவர் வாராரு.” கோப்பையைத் திருப்பி வைத்தார். “கேள்விக்கு விடை வேணும்னு மட்டும் எழுதல. உங்களுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. உங்களுக்கும் நடந்தது இல்லையா.”

“எனக்கு இன்னும் அழுகை வரல சார்.”

“எனக்கும் வரல. காலையில ரொட்டிக்கு மார்ஜரின் தடவுறேன். ரெண்டு பேருக்கும் தடவி வெச்சுடுறேன்.”

படகுத்துறைப் பக்கம் படகுச் சத்தம் கேட்டது. தேநீர் ஆறிப்போயிருந்தது, அவள் அதையே குடித்தாள்.

திங்கட்கிழமை தேவனுக்கும் ஹரிஷாந்துக்கும் எழுதினாள். விடை உள்ள கேள்விகளுக்குத் தளம் இருக்கட்டும், பேசுவதற்கு மடல் குழுவைத் திரும்பத் திறப்போம் என்றாள். தேவன் உடனே சரி என்றார்.

“ரெண்டு எடத்தையும் யாரு பாக்குறது அக்கா?” என்றான் ஹரிஷாந்.

“நான் பாக்குறேன்.”

அவள்தான் பார்க்கிறாள். சிலர் இன்னும் இடம் மாற்றிக் கேட்கிறார்கள்; பெயர் சொல்லி வணக்கம் வைத்து, பிறகு தளத்தின் இணைப்பை அனுப்புகிறாள். கிலிரானின் அடுத்த பதிப்பில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழுவில் வாரக்கணக்கில் சண்டை நடந்தது. அதை வேறெங்கும் நடத்தியிருக்க முடியாது என்று ஹரிஷாந்தே ஒப்புக்கொண்டான். அருளம்பலத்தின் மடல்கள் குறுகிவிட்டன. ஆனால் வருகின்றன.

சிலிபின் வீட்டில் கனகராஜின் சட்டைகள் அலமாரியில் தொங்குகின்றன. அவற்றை என்ன செய்வது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.